யோகேஸ்வரி சொன்ன விதி

மாணவர் விவகாரப் பிரிவின் மூன்றாவது கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் யோகேஸ்வரிக்கு ஒரு பெருமை உண்டு. அதை அவளாக வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள். யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டாள். மலேசியாவின் ஜோகூர்பாருவை ஒட்டிய அந்தப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர்கள் ஐந்து பேர் மாறிவிட்டார்கள். கட்டடத்துக்கு மூன்று தரம் சாயம் அடித்துவிட்டார்கள். மாணவர் பேரவை வருடத்துக்கு ஒரு தரம் கலைந்து, புதுப் பிள்ளைகளோடு மறுபடி கூடுகிறது. ஆனால் பேரவையில் ஏதாவது இழுபறி என்றால் கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது அவளுடைய கண்ணாடித் தடுப்புக்கு முன்னால்தான். "கக் யோகேஸைக் கேளு." மலாய்க்காரப் பிள்ளைகள் அக்கா என்பதற்குச் சொல்லும் அந்த 'கக்' அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டு, சம்பளச் சீட்டில் மட்டும்தான் இல்லை.

பேரவைக்கு அமைப்புச் சட்டம் இல்லாமல் இல்லை. ஏழு பக்கம் இருக்கிறது. எத்தனை இடங்கள், எத்தனை மாதப் பதவி, யார் மேற்பார்வை என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் கூட்டத்துக்குப் பாதிப்பேர் வராவிட்டால் என்ன செய்வது, இரண்டு பக்கமும் சம ஓட்டு விழுந்தால் யார் முடிவு செய்வது, நடுவில் ஒருவர் விலகினால் அந்த நாற்காலி யாருக்கு? இதற்கெல்லாம் அந்த ஏழு பக்கமும் வாயைத் திறக்காது. வாயைத் திறந்தது யோகேஸ்வரிதான். கூட்டக் குறிப்பு எடுக்க அறையின் மூலையில் உட்கார்ந்திருப்பவள், தலையைத் தூக்கி, "போன தரம் இப்படித்தான் செஞ்சோம்" என்பாள். அத்தோடு விவகாரம் முடிந்தது. பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கிறது, பஸ் இருக்கிறது. முடிந்தால் சரி என்று எழுந்துவிடுவார்கள்.

அவள் பிறந்து வளர்ந்தது யோங் பெங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில். அப்பா சின்னத்தம்பி பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டும். அங்கே எழுத்தர் வேலை பார்க்கும் கிராணி பெயரைக் கூப்பிட்டுப் புத்தகத்தில் பதிந்தால்தான் அன்றைக்கு வேலை, அன்றைக்குச் சம்பளம். அந்தக் கிராணி நம் ஆள்தான், தமிழ்தான் பேசுவார். ஆனால் துரை ஜீப்பை விட்டு இறங்கி வந்து பக்கத்தில் நின்றுவிட்டால், எதிரே நிற்கும் முனியம்மாவிடம்கூட இங்கிலீஷில்தான் பேசுவார். முனியம்மா திருதிருவென்று விழிப்பாள். சின்னத்தம்பி வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டுவார். "தொரை பக்கத்துல நின்னா கிராணிக்குத் தமிழ் மறந்துரும்டி" என்று அவர் கழுத்தை விறைத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து, குழந்தை யோகேஸ்வரி தரையில் புரண்டு சிரித்திருக்கிறாள். பிறகு அவள் படித்து, எழுத்துப் பரீட்சை எழுதி, இந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அதே அப்பா எஸ்டேட் முழுக்க "எம் பொண்ணு கிராணி ஆயிட்டா" என்று இனிப்புக் கொடுத்தார். அதில் இருந்த வேடிக்கை அன்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இந்த வருடம் மார்ச் மாதத்தில் பேரவையின் துணைத்தலைவன் தொழிற்பயிற்சிக்காகப் பினாங்குக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு இரண்டு கட்சி முட்டிக்கொண்டது. யோகேஸ்வரி வழக்கம்போல் தலையைத் தூக்கி, "தேர்தலில் அடுத்த அதிக ஓட்டு வாங்கியவருக்கு" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவன் மட்டும் ஆட்டவில்லை. பேரவைச் செயலாளன் அஹ்னாஃப். தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கும் சாதிக் பாட்சாவின் மகன். வாங்குகிறவர் கண் முன்னால் துணியை அளந்து வெட்டும் குடும்பத்தில் பிறந்தவன். கூட்டம் கலைந்ததும் கவுண்டருக்கு வந்து நின்றான்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இது எங்க எழுதியிருக்கு?"

"ஃபைல்ல இருக்கும் தம்பி."

"எந்த ஃபைல்ல கா?"

இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவள் அலமாரியைத் திறந்து, அன்று மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுத் தேடினாள். விதி கிடைக்கவில்லை. கிடைத்தது 2011-ஆம் வருடக் கூட்டக் குறிப்பு. அதில் இதே மாதிரி ஒரு இடம் காலியாகி, அடுத்தவருக்குக் கொடுக்காமல் இடைத்தேர்தல் வைத்திருந்தார்கள். நேர் எதிர். கீழே, குறிப்பெடுத்தவர்: யோகேஸ்வரி சின்னத்தம்பி. அழகான கையெழுத்து வேறு.

அதை அவள் மறைக்கவில்லை, அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த கூட்டத்தில் அஹ்னாஃப் எழுந்து, விதிமுறைக் குழு ஒன்று வேண்டும், மூன்று மாதத்தில் எல்லா விதியும் எழுத்தில் வர வேண்டும் என்று தீர்மானம் போட்டான். அப்போதுதான் ஒரு கூத்து. ஒரு குழுவை அமைக்க எத்தனை ஓட்டு வேண்டும்? அதற்கும் விதி இல்லை. பழக்க தோஷத்தில் அறையில் இருந்த இருபது பேரும் திரும்பி யோகேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் முதல் முறையாகத் தரையைப் பார்த்தாள். கடைசியில் பேரவைத் தலைவி ஹஸ்லிண்டா, எல்லாரும் கையைத் தூக்கிவிட்டால் இந்தச் சந்தேகமே வராது என்று சொல்லி, இருபது கையையும் தூக்க வைத்துவிட்டாள். கெட்டிக்காரி. குழுவுக்கு ஐந்து பேர். அவளே தலைவி, அஹ்னாஃப் எழுத்தர். அலுவலகத்தின் சார்பில் மேற்பார்வைக்கு, யோகேஸ்வரியின் மேலதிகாரி புவான் (திருமதி) ரோஹானா. விஷயம் தெரிந்தவர் என்ற முறையில் யோகேஸ்வரி.

புதன்கிழமை மதியங்களில் மாடியில் கூடினார்கள். அஹ்னாஃப் சுவர்த்திரையில் ஓர் அட்டவணை போட்டான். இடப்பக்கம் விதி, வலப்பக்கம் அது எங்கிருந்து வந்தது என்பது. அமைப்புச் சட்டத்தில் இருந்தால் பிரிவு எண். கூட்டக் குறிப்பில் இருந்தால் தேதி. இரண்டிலும் இல்லாமல் யாராவது சொல்லக் கேள்வி என்றால், சொன்னவர் பெயர். ஐந்து வாரத்தில் நாற்பத்தொரு விதி சேர்ந்தது. அதில் பதினேழு இடத்தில் வலப்பக்கம் யோகேஸ்வரி, யோகேஸ்வரி என்று வரிசையாக நின்றது. ஒருவரும் பார்க்காத நேரத்தில் அவள் திரையைப் படம் பிடித்து, சிங்கப்பூரில் வேலையில் இருந்த கணவன் வசந்தனுக்கு அனுப்பினாள். 'ரோட்டுக்கு உன் பேர் வைக்கப் போறாங்க' என்று பதில் வந்தது. அன்று மதியம் முழுவதும் அவள் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

ஆறாவது வாரம் ஒவ்வொரு விதியாகப் படித்து ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். இருபத்திரண்டு வரை ஓடிவிட்டது. ஹஸ்லிண்டா இருபத்து மூன்றாவதைப் படித்தாள். "வேட்பாளரை முன்மொழிபவரும் வழிமொழிபவரும் வேட்பாளரின் துறையையே சேர்ந்தவராக இருக்க வேண்டும்." வலப்பக்கம் யோகேஸ்வரி. ஒரு பையன், இது நல்ல விதி, துறைக்குச் சம்பந்தமில்லாதவர்கள் தலையிட மாட்டார்கள் என்றான். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். யோகேஸ்வரி அந்த வரியைத் திரும்பப் படித்தாள். அவள் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இதை அடுத்த வாரம் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள். சரி கக், என்று இருபத்து நாலுக்குப் போய்விட்டார்கள்.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

2016, அக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை. அப்போதெல்லாம் ஜோகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. வியாழன்தான் வாரத்தின் கடைசி நாள். வேட்புமனு வாங்க மாலை ஐந்து மணியோடு கெடு. நாலரை மணிக்கு ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். ஷாமளா, உணவு அறிவியல் இரண்டாம் வருடம், பெக்கான் நானாஸ் ஊர்க்காரி. மனுவில் ஒட்டிய படம் கொஞ்சம் பெரியதாக இருந்தது. அதைத் தானே கவனித்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குனிந்து, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, போட்டோ கொஞ்சம் பெருசாயிருச்சு. நம்ம பிள்ளைங்கதானே, பாத்து போடுங்க கா."

வேறொரு நாளாக இருந்தால் யோகேஸ்வரி கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்திருப்பாள். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. மூன்றாவது கவுண்டரில் இந்திய மாணவர்களுக்கு மட்டும் சலுகை காட்டுகிறார்கள் என்று. புவான் ரோஹானா அதை அவளிடம் காட்டி, எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, இருந்தாலும் கவனமாக இரு என்று சொல்லியிருந்தார். அன்று அதே புவான் ரோஹானா அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். 'நம்ம பிள்ளைங்க' என்ற சொல் அறை முழுக்கக் கேட்டதுபோல் யோகேஸ்வரிக்குத் தோன்றியது. அவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. மனுவைப் பார்த்தாள். படத்தைக் காரணம் காட்டினால் அற்பமாக இருக்கும். வேறு ஏதாவது, யாரும் கேள்வி கேட்க முடியாத மாதிரி ஏதாவது வேண்டும். கடைசி வரியில் கிடைத்தது. வழிமொழிந்தவள் நிர்வாகத் துறை மாணவி, ஷாமளாவின் விடுதி அறைத்தோழி.

வேறு துறை ஆள் வழிமொழியக் கூடாது, அதே துறையில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வா என்றாள். உரக்கவே சொன்னாள். அந்தப் பெண் ஏதோ கேட்க வாயெடுத்தாள். "தாக் போலே" என்று வெட்டிவிட்டாள். முடியாது. அறிவியல் கட்டடம் வளாகத்தின் அந்தக் கோடியில், பஸ் ஏறிப் போக வேண்டும். ஷாமளா ஓடினாள். திரும்பி வரும்போது ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். கவுண்டரின் திரை இறங்கிவிட்டது. அறிவியல் துறை இடத்துக்கு வேறு ஒரே ஒருவன்தான் மனுப்போட்டிருந்தான், போட்டியில்லாமல் ஜெயித்தான்.

இதில் குமட்டுகிற விஷயம் ஒன்று உண்டு. அதே நாள் காலையில், வேறு துறை ஆள் வழிமொழிந்த இன்னொரு மனுவை யோகேஸ்வரி வாங்கி, முத்திரை குத்தி வைத்திருந்தாள். யார் எந்தத் துறை என்று அதுவரை அவள் பார்த்ததே இல்லை.

அடுத்த வருடம் அப்படி ஒரு மனு வந்தபோது, போன வருடம் ஒருத்தியைத் திருப்பி அனுப்பிவிட்டு இவனுடையதை வாங்கினால் என்ன நியாயம் என்று அவனையும் திருப்பி அனுப்பினாள். அதற்கடுத்த வருடம், பிள்ளைகள் வீணாக அலையக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், மனுவிலேயே துறை எழுத ஒரு கட்டம் சேர்த்து அச்சடித்தாள். இந்த ஒன்பது வருடத்தில் எத்தனை பேர் அலைந்தார்களோ, தெரியாது. ஒரு மாலை நேரத்துப் பயம், கட்டம் போட்டு அச்சாகி, இப்போது சுவர்த்திரையில் அவள் பெயரோடு நிற்கிறது. இனி புத்தகமாகவும் வரப்போகிறது.

சனிக்கிழமை காலை, தங்கள் தாமான் குடியிருப்பில் காய்கறிச் சந்தைக்குப் போய்விட்டு வந்து, வசந்தனிடம் சொன்னாள். அவன் கீரைக்கட்டை மேசையில் வைத்துவிட்டு யோசித்தான். வாரத்தில் ஐந்து நாள் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்வருகிற மனிதன். தேவையில்லாத இடத்தில் நின்று பேசுவது அவனுக்குப் பிடிக்காது.

"ஒம்பது வருஷம் ஆச்சு. யாரு கேக்கப் போறா? விட்டுடு லா."

"யாரும் கேக்க மாட்டாங்க."

"ரூல் நல்ல ரூல்னுதானே அந்தப் பிள்ளைங்க சொல்றாங்க?"

"நல்ல ரூல்தான். அதனாலதாங்க பயமா இருக்கு. கெட்ட ரூலா இருந்தா அவங்களே தூக்கிப் போட்டிருப்பாங்க."

வசந்தன் பதவி உயர்வுக்கான நேர்முகத்தை நினைவுபடுத்தினான். டிசம்பரில் வருகிறது. பதினோரு வருடமாக ஒரே படியில் நிற்பவளுக்கு அது சின்ன விஷயமில்லை. அதற்கு மதிப்பெண் போடப்போவது புவான் ரோஹானா. குழுவில் வாயைத் திறந்தால் அவர் காதில்தான் முதலில் விழும். யோகேஸ்வரி இதை எல்லாம் எண்ணிப் பார்க்காதவள் இல்லை. கீரையை ஆய்ந்துகொண்டே இன்னொரு தரமும் எண்ணிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அவள் கீழ்த்தளத்துச் சாமான் அறையைத் திறந்து, 2016 என்று எழுதிய பெட்டியை இறக்கினாள். காலையில் முத்திரை குத்திய அந்த மனு அப்படியே இருந்தது. ஷாமளாவின் மனு அங்கே இல்லை. வாங்காத மனுவுக்கு ஏது பெட்டி?

புதன்கிழமை ஹஸ்லிண்டா இருபத்து மூன்றை மறுபடி எடுத்தபோது, யோகேஸ்வரி அந்தத் தாளை மேசையில் வைத்தாள். மலாயில்தான் சொன்னாள், அந்தக் கூட்டம் முழுக்க மலாயில்தான் நடக்கும். இந்த விதி எங்கும் இல்லை, நான் உண்டாக்கியது, இன்ன நாள், இன்ன பெண்ணுக்கு, இன்ன பயத்தில். மொட்டைக் கடிதத்தையும் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு முடித்தாள். ஐந்து பிள்ளைகளும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்தத் தாளையே பார்த்தார்கள்.

முதலில் பேசியது புவான் ரோஹானா.

"அன்று நான் உன் பின்னால் நின்றேனா யோகேஸ்?" என்று மலாயில் கேட்டார். "எனக்கு நினைவே இல்லையே. அந்த மாதம் என் மகளுக்கு டெங்கி. நான் எங்கே நின்றாலும் காதில் போன்தான். நீ என்ன பேசினாய் என்று நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். யோகேஸ்வரிக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கேட்காத ஒரு காதுக்குப் பயந்து ஒரு பெண்ணை ஓடவிட்டிருக்கிறாள்.

அஹ்னாஃப் அட்டவணையில் இருபத்து மூன்றாவது வரியை அழித்தான். பதிவு பெற்ற எந்த மாணவரும் வழிமொழியலாம் என்று அந்த இடத்தில் எழுதினான். பிறகு ஹஸ்லிண்டா, தவறாக ஒரு முடிவு சொல்லி ஒருவருக்குப் பாதிப்பு வந்தால், சொன்னவரே அதை எழுத்தில் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், இதையும் ஒரு விதியாகப் போட்டால் என்ன என்று கேட்டாள். ஐந்து பேரும் கையைத் தூக்கினார்கள். தூக்கிய பிறகுதான் யார் தலையில் அது முதலில் விழும் என்று புரிந்து, மெல்லக் கையை இறக்கினார்கள். அஹ்னாஃப் அவள் பக்கம் சாய்ந்து, தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அக்கா, இது பேரவை உறுப்பினருக்குத்தான். நீங்க ஸ்டாஃப். உங்களுக்கு இது சேராது கா."

"சேரும்னு எழுது தம்பி."

அவன் எழுதினான்.

கடிதம் எழுதுவது அவளுக்குப் புதிதா என்ன? வருடத்துக்கு ஆயிரம் கடிதம் தட்டுகிறவள். கணினியில் உட்கார்ந்தால் 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்ற மலாய் வரி தானாக வந்து விழும். ஆனால் இந்த ஒன்றுக்கு நாலு நாள் ஆனது. அடித்தாள், அழித்தாள். கடைசியில் அலுவலக முறைப்படியே எழுதினாள். கோப்பு எண், தேதி, பொருள், மூன்று பத்தி, நகல் விதிமுறைக் குழுவுக்கு. எதையும் மழுப்பவில்லை. காலையில் வாங்கிய மனுவைப் பற்றியும் எழுதினாள், விதி என்று ஒன்று இருக்கவில்லை என்றும் எழுதினாள். முன்னாள் மாணவர் சங்கத்தின் வழியாக ஷாமளாவைத் தேடிப்பிடித்து, தபாலில் போட மனம் வராமல், நேரில் பார்க்கலாமா என்று கேட்டாள். பெக்கான் நானாஸில் டின் உணவுத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்ப்பதாகவும், சனிக்கிழமை ஒரு மணிக்கு வேலை முடியும் என்றும், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக்கடைக்கு வரலாம் என்றும் பதில் வந்தது. எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை.

வசந்தன் காரில் கொண்டுபோய் விட்டான். நீ பேசு, நான் அன்னாசி வாங்கிட்டு வர்றேன் என்று நழுவிவிட்டான்.

ஷாமளா தொழிற்சாலைச் சட்டையோடு வந்தாள். கொஞ்சம் பூசியிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். யோகேஸ்வரியைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள்.

"கவுண்டர் அக்காதானே? அப்படியே இருக்கீங்க."

"உனக்கு ஞாபகம் இருக்காம்மா என்னைய?"

"இருக்கு கா." நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ இரண்டு சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

யோகேஸ்வரி பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினாள். ஷாமளா பிரித்து, தொழிற்சாலையில் லேபிள் படிப்பதுபோல் மேலிருந்து கீழே வரி விடாமல் படித்தாள். படித்து முடிக்கும்வரை யோகேஸ்வரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் பார்க்காமல் விட்ட முகம். நெற்றியில் சின்னதாக ஒரு தழும்பு இருந்தது, அன்றும் இருந்திருக்கும்.

"இதுக்கா கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"தபால்ல போட மனசு வரல."

"வழிமொழிஞ்சது வேற டிபார்ட்மெண்ட்டு... ஆமா, என் ரூம்மேட் பிரவீனா. அதெல்லாம் எனக்கு மறந்தே போச்சு. நின்னிருந்தா தோத்துதான் இருப்பேன் கா. அந்தப் பையனுக்கு நல்ல பேரு. அந்த சீட்டு ஒண்ணும் எனக்குப் பெருசில்ல."

யோகேஸ்வரிக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. தே வந்தது. அவள் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஆனா அன்னைக்கு நான் தமிழ்ல கேட்டேன்" என்றாள் ஷாமளா. கோபமாகச் சொல்லவில்லை. மாவட்டத்தில் மழை பெய்தது என்பதுபோல் சொன்னாள். "நீங்க மலாய்ல பதில் சொன்னீங்க. தமிழே தெரியாத மாதிரி. யாரோ அன்னிய ஆள்கிட்ட பேசுற மாதிரி. முந்துன வாரம்தான் ஹாஸ்டல் விஷயமா வந்தப்ப, சாப்பிட்டியான்னு கேட்டீங்க. அதான் கா எனக்கு ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் பட்டம் வாங்குற வரைக்கும் அந்த ஆபீஸ்ல நான் தமிழ்ல வாயத் தொறக்கல. உங்க கவுண்டர் காலியா இருந்தாலும் நாலாம் நம்பர்லதான் நின்னேன்."

யோகேஸ்வரி கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"இந்த லெட்டர்ல எல்லாம் இருக்கு, அது இல்ல." ஷாமளா தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தாள். "இதையும் மலாய்லதான் எழுதியிருக்கீங்க."

கடையில் யாரோ காசு கட்டிக்கொண்டிருந்தார்கள், எங்கோ ஒரு நாற்காலி இழுபட்டது. யோகேஸ்வரிக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. கழுத்தை விறைத்துக்கொண்டு அவர் நடந்து காட்டிய நடை. தரையில் புரண்டு சிரித்த குழந்தையை நினைத்து, ஐம்பத்தொரு வயதில், ஒரு சாப்பாட்டுக்கடையில், அவளுக்கு வெட்கமாக இருந்தது. கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. அவளுடைய துரை அன்று காதுகூடக் கொடுக்கவில்லை, போனில் இருந்தார்.

அவள் பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள். கடிதத்தைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருந்த இடத்தில் எழுதத் தொடங்கினாள். தமிழில் கையால் எழுதி எத்தனையோ வருடமாகிவிட்டது. எழுத்து ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப்போல் வந்தது.

'ஷாமளா, அன்றைக்கு நீ என்னிடம் தமிழில் கேட்டாய். நான் உன்னைத் தெரியாதவள் மாதிரி மலாயில் பதில் சொன்னேன். பயந்துபோய்ச் செய்தேன். அது விதியைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடு அம்மா.'

கீழே கோப்பு எண் போடவில்லை. யோகேஸ்வரி என்று மட்டும் எழுதினாள்.

ஷாமளா அதைப் படித்தாள். முன்பக்கத்துக்கு எடுத்துக்கொண்டதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள், நாலு வரிதான் என்றாலும். பிறகு தாளை நாலாக மடித்து, தொழிற்சாலை அட்டை வைத்திருந்த சட்டைப்பைக்குள் வைத்தாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. யோகேஸ்வரியும் எதிர்பார்க்கவில்லை.

"அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"இங்க மீன் கறி நல்லா இருக்கும்" என்று சொல்லி, ஷாமளா கடைக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.